மூன்று அங்குலமும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், கோவையில் சாஃப்ட்வேர் வேலை. உயரம் 163 செ.மீ. இரண்டு வருடமாகப் பெண் பார்க்கிறார்கள். மூன்று இடத்தில் "பையன் கொஞ்சம் குள்ளம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸில் குரூப் போட்டோ எடுத்தால் நான் போவதில்லை. கால் எலும்பை வெட்டி உயரமாக்கும் ஆபரேஷன் பற்றி ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துருக்கியில் ஒரு கிளினிக், மூன்று அங்குலம் கூட்டித் தருகிறோம், மூன்று மாதத்தில் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். கையில் 6 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன் போடுவேன். வீட்டில் சொல்லவில்லை, ஆன்சைட் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். தொடையில் செய்வது நல்லதா, முழங்காலுக்குக் கீழேயா? வெளியே மாட்டும் வளையமா, உள்ளே வைக்கும் ராடா? செய்துகொள்ளலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, என் மேசை டிராயரில் எப்போதும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடக்கும். டூவீலர் மெக்கானிக் வைத்திருப்பாரே, அதேதான். வெட்டிய எலும்பை மெல்ல மெல்ல விலக்கும் இலிசாரோவ் வளையத்தைக் காலில் மாட்டி வீட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்றைக் கையில் கொடுத்து, எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மார்க்கரில் அம்பு போட்டுக் காட்டுவேன். காலை ஆறு மணிக்குக் கால் சுற்று. மதியம் பன்னிரண்டுக்குக் கால் சுற்று. மாலை ஆறுக்கு ஒன்று, இரவு பன்னிரண்டுக்கு ஒன்று. நான்கும் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. அந்தத் திருகில் ஒரு முழுச் சுற்று என்றால் 1 மில்லிமீட்டர். ஒரு நாள் உழைப்புக்குக் கூலி அவ்வளவுதான். நீங்கள் பார்த்த வீடியோக்களில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ இருந்திருக்கும். நடுவில் இருக்கிற அந்த நட்டுத் திருப்பும் மாதங்களைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேசப்போகிறேன். ஏனென்றால் டாக்டரின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச வேலை முழுக்க உங்களுடையது.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் கவ்ரீல் இலிசாரோவ் என்ற ரஷ்ய மருத்துவர். 1950களில் சைபீரியாவின் குர்கன் பகுதியில், போரில் அடிபட்டுக் கூடாத எலும்புகளோடு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பைப் பக்குவமாக அறுத்து, ஒரு வாரம் சும்மா விட்டு, பிறகு இரண்டு துண்டையும் நாளுக்கு 1 மி.மீ. வீதம் விலக்கிக்கொண்டே போனால் நடுவில் புது எலும்பு ஊறும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இறுக்க வேண்டிய நட்டை ஒரு நோயாளி தவறான பக்கம் திருப்பிவிட்டதால்தான் இது கண்ணில் பட்டது என்றும் ஒரு கதை சொல்வார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புருமெல், அடுத்த வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு, பல ஆபரேஷன் செய்தும் தேறாமல், கடைசியில் போய் நின்றது இவரிடம்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வைத்தியம் காலில் குறையோடு வந்தவர்களுக்காகப் பிறந்தது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். போலியோ வந்த கால்கள், சின்ன வயதில் எலும்பில் சீழ் பிடித்து வளராமல் போன கால்கள், லாரி ஏறிய கால்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் தையல் வேலை செய்யும் ஒரு பெண், இடது கால் 5 செ.மீ. குட்டை. எட்டு மாதம் வளையத்தோடு இருந்தார். ஒவ்வொரு முறை நட்டுத் திருப்பியதும் தினக் காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டு, அந்தத் தாள்களை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார். கம்பி போகிற இடத்தில் இரண்டு முறை சீழ் வைத்தது. ராத்திரியில் அழுதிருக்கிறார். ஆனால் ஒரு நாள்கூட, ஏன் செய்துகொண்டோம் என்று கேட்டதில்லை. இருபது வருடம் விந்தி விந்தி நடந்தவர் அவர். தவிர, வலது கால் அவருக்கு நல்ல கால். அதை ஊன்றிக்கொண்டு எட்டு மாதத்தையும் ஓட்டினார். நீங்கள் கேட்கிற ஆபரேஷனில் இரண்டு காலையும் வெட்டுவோம். ஊன்றிக்கொள்ள நல்ல கால் என்று ஒன்று இருக்காது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எலும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். விலக்கினால் வளரும், விட்டால் இறுகும். முரண்டு பிடிப்பது சதையும் நரம்பும்தான். உங்கள் உயரத்துக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். அதில் 5 செ.மீ. கூட்டுவது என்றால் ஏழில் ஒரு பங்கு கூடுதல். எலும்பு மட்டும் ஏழில் ஒரு பங்கு வளர்ந்தால் போதாது. கெண்டைக்கால் சதை, ரத்தக் குழாய், பாதத்துக்குப் போகிற நரம்பு, தோல் எல்லாமே அந்த அளவுக்கு நீள வேண்டும். சதை அவ்வளவு சுலபத்தில் நீளாது. இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மேலே தூக்கிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் இளைஞர் என் அறைக்குள் வந்தார். வேறோர் ஊரில், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் ஆறரை செ.மீ. நீட்டியிருந்தார்கள். பரண் மேல் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பிள்ளை மாதிரி நுனிக்காலில் நடந்து வந்தார். இரண்டு குதிகாலும் தரையில் படவில்லை. செருப்பைக் கழற்ற சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிசியோதெரபிக்குத் தினமும் போகச் சொன்னார்களா என்று கேட்டேன். சொன்னார்களாம், வலி தாங்காமல் மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டாராம். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாக, பாடப் புத்தகத்தில் போடலாம் போலக் கூடியிருந்தது. குதிகால் நாணை நீட்ட இன்னோர் ஆபரேஷன் செய்தோம். இப்போது நடக்கிறார், வேலைக்கும் போகிறார். ஆனால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது.

இந்தக் குத்துக்கால் விஷயத்தை வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் பேச மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. நமக்குத் தேவைப்படும். ஊரில் உங்கள் வீட்டுக் கழிப்பறை எப்படிப்பட்டது? பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவீர்களா? பழனி மலைப் படி ஏறுவீர்களா? கீழே உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்திருப்பது என்பது கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் முழுசாக மடங்கினால்தான் நடக்கும். நீட்டின காலில் முதலில் குறைவது அந்த மடக்கம்தான். நன்றாகச் செய்து, தினமும் மணிக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பி வரும். எல்லோருக்கும் வராது.

மற்ற ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்கு வெளிப்பக்கமாக ஓடுகிற நரம்பு இழுபட்டால் பாதம் தொங்கிப்போகும், செருப்பு தானாகக் கழன்று விழும். சீக்கிரம் கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்தாலோ, நரம்பைச் சுற்றி இறுக்கமாக இருக்கும் இடத்தைத் திறந்துவிட்டாலோ பெரும்பாலும் தேறிவிடும். தள்ளிப்போட்டால் அப்படியே நின்றும் போகலாம். எலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கால் வளையலாம். நீங்கள் விலக்கும் வேகத்தைவிட எலும்பு சீக்கிரம் கூடிவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். கூடவே இல்லை என்றால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்துக் கூட்ட வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்தக் கடைசித் தொல்லை அதிகம். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். உள்ளே ராடு போடும்போது எலும்பு மஜ்ஜையில் உள்ள கொழுப்பு ரத்தத்தில் கலந்து மூச்சுத் திணறல் வரலாம். இரண்டு தொடை எலும்பையும் ஒரே நாளில் குடைந்தால் இந்த ஆபத்து கூடும். அபூர்வம்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று நான் சொல்வது இந்த இரண்டையும் வைத்துத்தான். நன்றாக நடந்துகொண்டிருந்த 26 வயதுப் பையனை மேசையில் படுக்க வைக்கும்போது "அபூர்வம்" என்ற சொல் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்காது.

இனி உங்கள் கேள்விகள். தொடையா, கீழேயா? முழங்காலுக்குக் கீழே 5 செ.மீ.க்கு மேல் போவதை விவரம் தெரிந்தவர்கள் தவிர்ப்பார்கள். 5 செ.மீ. என்றால் இரண்டு அங்குலம். தொடை எலும்பைச் சுற்றிச் சதை அதிகம், ரத்த ஓட்டம் அதிகம், அதனால் எலும்பு சீக்கிரம் கூடும், 7, 8 செ.மீ. வரை போகிறார்கள். அந்த எல்லையை ஒட்டிப் போகப் போக முழங்கால் மடங்குவதும் நீட்டுவதும் சிரமமாகும், இடுப்பு முன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கிளினிக் உங்களுக்குச் சொன்ன மூன்று அங்குலம் என்பது 7.6 செ.மீ. அதாவது ஒரே எலும்பில் எடுக்கக்கூடிய உச்சவரம்பை ஒட்டி. வரம்பைத் தொடுகிற எண்ணை ஆரம்ப விலையாகச் சொல்கிற கிளினிக் மீது எனக்கு மரியாதை குறைவு. கண்ணாடியில் எப்படித் தெரியும் என்பதும் இருக்கிறது. கை நீளாது, உடம்பு நீளாது, கால் மட்டும் நீளும். உட்கார்ந்தால் நீங்கள் இன்றைக்கு இருக்கும் அதே உயரம்தான்.

வளையமா, ராடா? வளையம் விலை குறைவு, கோணலைத் திருத்த வசதி, தொல்லை அதிகம். சைக்கிள் கம்பி மாதிரியான மெல்லிய கம்பிகள் தோலைத் துளைத்து எலும்பு வழியாக அந்தப் பக்கம் போகும். ஒவ்வொரு துளையையும் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும், பேண்ட் போட முடியாது, புரண்டு படுக்க முடியாது. பெரியவர்களுக்கு ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் வளையம் காலில் இருக்கும். 5 செ.மீ. என்றால் ஏழு, எட்டு மாதம். வளையத்தோடு உள்ளே சாதாரண ராடும் போட்டு, நீட்டி முடித்ததும் வளையத்தைக் கழற்றிவிடும் கலப்பு முறையும் உண்டு. அதில் வளையக் காலம் குறையும். வெளியே கம்பித் துளையில் சீழ் பிடித்தால் அது உள்ளே ராடு வரைக்கும் போகும் பயம் இருக்கும்.

உள்ளே வைக்கும் காந்த ராடு உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. ராடுக்குள் ஒரு காந்தமும் பல்சக்கரமும் இருக்கும். வெளியே ஒரு கருவியைத் தொடை மேல் வைத்தால் காந்தம் சுழன்று ராடு நீளும். துளை கிடையாது, தழும்பு சின்னது. ஆனால் எலும்பு இறுகும் வரை முழு எடையையும் காலில் வைக்கக் கூடாது, வைத்தால் ராடு வளையும் அல்லது உடையும். இரண்டு காலிலும் ராடு இருப்பவர் எடையை எங்கே வைப்பார்? கையில்தான். வாக்கரில். முழு எடையையும் தாங்கும் என்று சொல்லி, துருப்பிடிக்காத எஃகில் ஸ்ட்ரைட் என்ற ராடை 2018 வாக்கில் கொண்டுவந்தார்கள். எங்கள் துறையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். 2021இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்: ராடின் இரண்டு பாகம் சேரும் இடத்தில் அரிப்பு, அதை ஒட்டிய எலும்பில் மாற்றம். வேலை முடிந்ததும் எந்தக் காந்த ராடையும் வெளியே எடுக்க வேண்டும், அது இன்னோர் ஆபரேஷன். அது உள்ளே இருக்கும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதிலும் சிக்கல்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், பணம் ஒரு பொருட்டில்லை என்றால் தொடையில் ராடு, 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆனால் உங்களுக்குப் பணம் ஒரு பொருட்டு.

மூன்று மாதத்தில் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7.6 செ.மீ., நாளுக்கு 1 மி.மீ., 76 நாள். ஆரம்பத்தில் காத்திருக்கும் ஒரு வாரத்தைச் சேர்த்தால் மூன்று மாதத்தில் நீட்டுவதே அப்போதுதான் முடியும். அந்தச் சமயத்தில் நடுவில் இருப்பது எலும்பு இல்லை, எலும்பு ஆகப்போகிற ஜவ்வு. எக்ஸ்ரேயில் புகை மாதிரி தெரியும். அது இறுகி உங்களைத் தாங்க இன்னும் பல மாதம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாமே என்றால், செய்யலாம், வலி மாத்திரையின் தூக்கக் கலக்கத்தில் எவ்வளவு புரோகிராம் எழுத முடியுமோ அவ்வளவு. பலருக்கும் ராத்திரிதான் வலி தெரியும், சதை பிடித்து இழுக்கும். தூங்காத இரண்டாவது மாதத்தில் நல்ல மனதிடம் உள்ளவர்களே எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். பழையபடி ஓடியாட ஒரு வருடம் வையுங்கள். எல்லாம் சரியாகப் போனால்.

பணம். அமெரிக்காவில் இதே ஆபரேஷனுக்கு 75,000 டாலரும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் துருக்கி மலிவு என்று உங்களுக்குத் தோன்றுகிறது. பேக்கேஜில் என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள். தினசரி பிசியோதெரபி எத்தனை மாதத்துக்கு? சம்பளம் இல்லாத மாதங்கள்? கூட ஓர் ஆள் தங்கும் செலவு? ராடு எடுக்கும் இரண்டாவது ஆபரேஷன்? எலும்பு கூடாவிட்டால் மூன்றாவது? மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தராது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சையைப் பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன, அதனால் வரும் சிக்கலுக்கும் கிளெய்ம் கேட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஊர் திரும்பியபின் பாதம் தொங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யாரிடம் போவீர்கள்? அந்த ராடைக் கழற்றும் கருவி அந்தக் கம்பெனிக்கே உரியது, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. இன்னொருவர் வெட்டிய காலில் கை வைக்க நானே இரண்டு முறை யோசிப்பேன். ஆறு லட்சத்தோடும் லோனோடும் இதில் இறங்குகிறவர், எல்லாம் நல்லபடியாக நடப்பதற்கு மட்டும்தான் பணம் வைத்திருக்கிறார்.

வீட்டில் சொல்லாமல் போவது பற்றி. 2016இல் ஹைதராபாத்தில் ஒரு சாஃப்ட்வேர் இளைஞர் இப்படித்தான் செய்தார். தேடி அலைந்த பெற்றோர் மகனைப் பார்த்தது ஆஸ்பத்திரிப் படுக்கையில், அதுவும் ஆபரேஷன் முடிந்த பிறகு. பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 26 வயது ஆனவர் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கலாம், சட்டம் அதைத் தடுக்காது. நான் சொல்வது வேறு. இரண்டு காலும் ஊன்ற முடியாத மனிதரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக, ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க, கம்பித் துளையில் நாற்றம் வருகிறதே என்று முதலில் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். காசு கொடுத்தால் அட்டெண்டர் கிடைப்பார். அம்மா கிடைக்க மாட்டார், ஏனென்றால் அவர் நீங்கள் ஆன்சைட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவர் வீடியோ காலில் கூப்பிட்டால் என்ன செய்வதாக உத்தேசம்?

சீனாவில் இந்த ஆபரேஷன் ஒரு காலத்தில் தண்ணீர் பட்ட பாடாக நடந்தது. 2006இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அழகுக்காகச் செய்வதைத் தடை செய்தது. வேலைக்கே இத்தனை உயரம் வேண்டும் என்று கேட்கிற ஊராக இருந்ததால் கூட்டம் அலைமோதியது, கூட்டத்தைப் பார்த்துத் தகுதியில்லாதவர்களும் கத்தி எடுத்தார்கள். இங்கே அப்படிப்பட்ட தடை இல்லை. அதனால் தடுக்க வேண்டியது செய்கிற டாக்டர்தான், அவர் தடுக்காவிட்டால் நீங்கள்தான்.

(வேறு சில வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் வேலைக்காகக் கேட்கிறவர்கள் நிறைய. பொதுப்பிரிவு, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும் என்பது உண்மை. ஆனால் அளவெடுப்பதோடு தேர்வு முடிவதில்லை. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், அப்புறம் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. நீட்டிய காலோடு அங்கே போய் நிற்க வேண்டாம். அடுத்து, உயரம் கூட்டும் பவுடர். எலும்பின் வளர்ச்சித் தட்டு பையன்களுக்குப் பதினெட்டை ஒட்டி மூடிவிடும், மூடியபின் எந்தப் பவுடரும், ஹார்மோன் ஊசியும், தொங்கும் பயிற்சியும் ஒரு மில்லிமீட்டர் தராது. மருந்தால் உயரம் கூடும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது. இருந்தும் தினமும் விளம்பரம் வருகிறது.)

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 163 செ.மீ. நம் நாட்டு ஆண்களின் சராசரி 165, 166 செ.மீ. பக்கம். அதாவது நீங்கள் சராசரியிலிருந்து ஓர் அங்குலம் குறைவு. ஷூவுக்குள் வைக்கும் அட்டை அந்த ஓர் அங்குலத்தைத் தந்துவிடும். சிரிக்காதீர்கள், காலை எழுந்ததும் அளக்கிற உயரத்துக்கும் ராத்திரி அளக்கிற உயரத்துக்குமே ஒரு செ.மீ. அளவில் வித்தியாசம் இருக்கும், முதுகெலும்பின் டிஸ்க் பகலெல்லாம் அமுங்குவதால். இதையெல்லாம் சொன்னால் உங்கள் வருத்தம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வீட்டில் வேண்டாம் என்றது வலிக்கத்தான் செய்யும். பெண் வீட்டார் உயரம் பார்ப்பது நிஜம், அதை நான் மறுக்கப்போவதில்லை.

என் கவலை குரூப் போட்டோவில்தான். ஆறு மாதமாக இந்த வீடியோக்களைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை உயரம் ஞாபகம் வருகிறது? நாலு பேர் நிற்கும் இடத்தில் முதலில் யார் எவ்வளவு உயரம் என்றுதான் கண் போகிறதா? உயரமாகத் தெரியாது என்பதற்காக விட்டுவிட்ட கல்யாணங்கள் உண்டா? ஆம் என்றால் முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குப் பைத்தியம் என்று சொல்ல வரவில்லை. தன் உடம்பின் ஒரே ஒரு குறையை மனம் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது தனியாக ஒரு நோய், அதற்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் இருக்கின்றன. அந்த நோய் இருப்பவருக்கு ஆபரேஷன் செய்தால், 168 செ.மீ. ஆனதும் 173 பக்கம் கண் போகும். இல்லையென்றால் தழும்பில் போய் நிற்கும். எங்களுக்கு இது தெரிந்த கதை. பொறுப்பாக இதைச் செய்கிற டாக்டர்கள் அந்த மனநல ஆலோசனை இல்லாமல் தேதி கொடுப்பதில்லை. உங்களுக்குத் துருக்கியில் அந்த ஆலோசனை கொடுத்தார்களா என்று பாருங்கள்.

என்னிடம் வந்திருந்தால், செய்ய மாட்டேன் என்றே சொல்லியிருப்பேன். குள்ளத்தன்மையோடு பிறந்து, பஸ் படியும் ஏ.டி.எம். மெஷினும் எட்டாத ஒருவர் வந்தால் உட்கார்ந்து பேசுவேன். அங்கே எதற்காக இந்த ஆபத்தை எடுக்கிறோம் என்பதற்குப் பதில் இருக்கிறது. உங்கள் காலில் எனக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை. நான் மறுத்தால் வேறோர் இடம் போவீர்கள் என்பதும் தெரியும். போவதாக இருந்தால், பணம் கட்டும் முன் அந்த டாக்டரிடம் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். பெரியவர்களுக்கு, இரண்டு காலிலும், நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்? ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆனவர் யாரையாவது நான் பார்க்கலாமா, அவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து காட்டுவாரா? எலும்பு கூடாவிட்டால் அடுத்த ஆபரேஷன் யார் செலவு, அதை எழுதித் தருவீர்களா? வேண்டாம் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல அறிகுறி. யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அட்வான்ஸ் கட்டும் முன் இன்னொன்றும் செய்து பாருங்கள், பெரிய செலவில்லை. வாடகைக்கு ஒரு வாக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் லீவு போட்டு, கோவை அறையை விட்டு இறங்காமல், கழிப்பறை, குளியல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த வாக்கரோடு, எடையைக் கையில் போட்டே போய் வாருங்கள். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு என்று அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்து, ஒரு தாளில் கோடு போடுங்கள். வலி இல்லாமல், சீழ் இல்லாமல், இரண்டு நல்ல கால்களோடு ஒரே வாரம். முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இரவு பன்னிரண்டு மணி அலாரத்தை எத்தனையாவது நாளில் அணைத்துப் போட்டுத் தூங்கினீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.